ஜெர்மனியில் எந்த லாட்ஜ்: ஆங்கிலமா, ஜெர்மனா?

ஊட்டி, குன்னூர் பக்கமிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் ஃப்ரீமேசன் (சடங்குகளோடு கூடும் சகோதரத்துவ அமைப்பு) சகோதரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். லாட்ஜ் என்பது இங்கே தங்கும் விடுதியல்ல, அமைப்பின் உள்ளூர்க் கிளை; பல லாட்ஜுகளுக்குத் தலைமை அமைப்பு கிராண்ட் லாட்ஜ். ஜெர்மனியில் 1958-இல் உருவான ஒரே குடையின்கீழ் இன்று ஐந்து கிராண்ட் லாட்ஜுகள் இயங்குகின்றன. அவற்றில் பிரிட்டிஷ், அமெரிக்க-கனடிய கிராண்ட் லாட்ஜுகள் இரண்டும் ஆங்கிலத்தில் நடப்பவை.

பிரிட்டிஷ் பிரிவின் சடங்கு, நாம் மலையில் மனப்பாடம் செய்ததற்கு நெருக்கமானது. முதல் கூட்டத்திலேயே பின்தொடர முடியும். பல நாட்டவர் பழகக் கிடைப்பார்கள். ஆனால் பணிமாற்றலில் வந்தவர்கள் கிளம்பிக்கொண்டே இருப்பதால் பதவிகளுக்கு ஆள் குறையும். புதியவருக்குச் சீக்கிரமே பொறுப்பு வரும். கற்க விரும்புபவருக்கு அது நல்ல வாய்ப்பு.

ஜெர்மன் லாட்ஜில் உள்ளூர்க்காரர்களின் நீடித்த நட்பு கிடைக்கும். கட்டுரை வாசித்து விவாதிப்பதற்கு அங்கே மதிப்பு அதிகம். கடைவீதி ஜெர்மன் போதாது, சடங்கின் பழைய நடையும் புரியவேண்டும்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் ஆங்கில லாட்ஜே சரி. குடும்பத்தோடு தங்குபவர் ஆங்கில லாட்ஜில் தொடங்கி, மொழி கைவந்ததும் ஜெர்மன் லாட்ஜுக்கு விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம்.

எதுவானாலும் சிக்கல் காகிதத்தில்தான். கிராண்ட் லாட்ஜ் சான்றிதழ், சந்தா கட்டிய ரசீது இரண்டும் கையில் இருக்கட்டும். பாக்கி இருந்தால் சேர்க்கை நின்றுவிடும். நீங்கள் வருவதற்கான முன்னறிவிப்பைத் தாய் லாட்ஜ் (நீங்கள் முதலில் சேர்ந்த லாட்ஜ்) செயலாளர் வழியாகவே அனுப்புங்கள். அங்கே சேர்க்கை உறுதியாகும்வரை இங்கே விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.