ப்ளக்கை விரலால் இறக்கும் மெக்கானிக்

ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஓட்டக் கிடைப்பது மச்சானின் இருசக்கர வண்டிதான். இந்த முறை அது சரியாக இல்லை. ஸ்டார்ட் ஆகிவிடும், நின்ற இடத்தில் நன்றாகவே ஓடும். மேட்டில் ஏற்றினால் திணறும், கூடவே இன்ஜினின் மேல்மூடியான ஹெட் பக்கமிருந்து 'டிக் டிக்' என்று காற்று கசியும் சத்தம். குனிந்து பார்த்தால், பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் ப்ளக்கின் அடியைச் சுற்றி எண்ணெயும் கரியும் கலந்து கறுப்பாக ஒரு வளையம். போன சர்வீஸில்தான் புது ப்ளக் போட்டார்கள் என்றார் மச்சான். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.

முதலில் போனது சீக்கிரம் முடித்துத் தருகிற இடம். வண்டியை நிறுத்தியதுமே ஒரு பையன் ஸ்பேனரோடு வந்துவிட்டான். இன்ஜினில் கை வைக்க முடியாத சூடு. கொஞ்சம் ஆறட்டுமே என்றேன். "அஞ்சு நிமிஷ வேலை சார், சூட்டுலயே கழட்டிடலாம்" என்றான். வேண்டாம்ப்பா என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வெளிநாட்டில் இருந்து வந்தவனின் அலட்டல் என்று மச்சான் நினைத்திருப்பார். முகத்தில் தெரிந்தது.

அலட்டல் எல்லாம் இல்லை. ப்ளக்கின் உடம்பு எஃகு, அது உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டும் மோதினால் தேய்வது எப்போதும் அலுமினிய மரைதான், அதாவது ப்ளக் திருகி ஏறும் பள்ளங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடாக இருக்கும்போது இறுக்கிய ப்ளக், ஆறியதும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ப்ளக் சில நூறு ரூபாய்ப் பொருள்கூட இல்லாமல் இருக்கலாம், ஹெட் அப்படியில்லை.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். வண்டியைத் தொடவே இல்லை அவர். "நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்ணாம தள்ளிக்கிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். மச்சான்தான் தள்ளினார். மெக்கானிக்கின் அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நான் இருக்கும் நாட்டில் இது நடக்காது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார வேண்டும், உள்ளே யார் என்ன செய்தார்கள் என்பது பில்லில்தான் தெரியும். இங்கே ஒவ்வொன்றும் கண்முன்னே.

ப்ளக் கேப்பை வயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்து லேசாகத் திருகி எடுத்தார். குழியைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை ஊதினார். அந்த மண் உள்ளே விழுந்தால் சிலிண்டருக்குக் கேடு, மரையில் சிக்கினால் மரைக்குக் கேடு. பிறகு 16 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனரைச் சாயாமல் நேராக வைத்து, கால் சுற்று தளர்த்தி, நிறுத்தி, திரும்பக் கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி தளர்த்தினார். முரண்டு பிடித்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருப்பது. இழுத்துப் பிடித்துத் திருகவே இல்லை.

வெளியே வந்த ப்ளக்கை என் உள்ளங்கையில் வைத்தார். நுனி இளம் பழுப்பு, அதாவது எரிதல் சரி. மரையின் முதல் இரண்டு பள்ளங்களில் மட்டும் வெள்ளி இழைபோல ஏதோ சுற்றியிருந்தது. நகத்தால் கீறி எடுத்தால் அலுமினியம். "யாரோ கோணலா மாட்டி ஸ்பேனரால ஓட்டியிருக்காங்க" என்றார். மரை குறுக்கே ஏறியதால் ப்ளக் முழுதாக உட்காரவில்லை, வாஷர் நசுங்கவில்லை. காற்று கசிந்தது அதனால்தான்.

நல்ல வேளை, கெட்டது வாயோரத்து மரை மட்டும். 10 மில்லிமீட்டர் விட்டம், 1.0 மில்லிமீட்டர் இடைவெளி மரைக்கான டாப்பை, அதாவது மரை வெட்டும் கருவியை எடுத்து, அதன் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். உதிரும் தூள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். டாப்பை விரலால் நேராகப் பிடித்து, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ். கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டு, ப்ளக் இல்லாமலே கிக்கரை உதைத்து மிச்சத்தை ஊதித் தள்ளினார். உள்மரையும் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி, பெரிய மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரையைப் போட வேண்டியிருக்கும். தப்பித்தோம்.

இனிதான் நான் ரசித்த இடம். புது ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான் தலையில் ஒரு ரப்பர் டியூபைச் சொருகினார், அதைப் பிடித்துத்தான் குழிக்குள் இறக்கினார். முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினார். மரை மரையோடு சேரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன விழுதல். அதன் பிறகுதான் வலப்பக்கம். கோணலாகப் போனால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ப்ளக்கின் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர். பத்துச் சுற்றுக்கு மேல் டியூபாலேயே இறங்கி, வாஷர் தட்டியதும் தானாக நின்றது.

ஸ்பேனருக்கு மிஞ்சியது கடைசி அரைச் சுற்று மட்டும். புது ப்ளக்கில் நசுங்கும் வாஷருக்கு அது போதும். பழைய ப்ளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே ஏராளம். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 10 மில்லிமீட்டர் ப்ளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30.

மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாக வருமே என்று கேட்டேன். தலையாட்டி மறுத்தார். வழுக்கல் இருந்தால் அதே கைவிசைக்கு ப்ளக் அதிகமாக இறுகி மரை இழுபடும். இப்போதைய ப்ளக்குகளில் பூச்சு இருப்பதால் உலர்ந்தபடி போடச் சொல்லித்தான் என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்களும் சொல்கிறார்கள்.

மேட்டில் இப்போது திணறல் இல்லை. காலி அட்டைப் பெட்டியை மச்சானிடம் கொடுத்து, அடுத்த முறை இதே நம்பர் ப்ளக்கைத்தான் வாங்க வேண்டும் என்றார் மெக்கானிக். மரை நீளம் குறைந்த ப்ளக்கைப் போட்டால் ஹெட்டின் கீழ்மரை திறந்தபடி கிடந்து கரி ஏறும், பிறகு சரியான ப்ளக் இறங்காது. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும். மச்சான் பெட்டியை சீட்டுக்கு அடியில், ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறார்.