கரடி ஸ்ப்ரே: பல கோடைகள் இடுப்பில் சுமந்த பிறகு

அமெரிக்காவின் எல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டான், க்ளேசியர் தேசியப் பூங்காக்கள் பக்கம் எப்போது நடக்கப் போனாலும் என் இடுப்பில் ஒரு கரடி ஸ்ப்ரே கேன் தொங்கும், பாய்ந்துவரும் கரடி மேல் மிளகாய்ச் சாறு பீய்ச்சும் டப்பா. வருடக்கணக்கான பழக்கம். இதுவரை எந்தக் கரடி மீதும் அடிக்க நேர்ந்ததில்லை, அதனால் இது "அடித்தேன், ஓடிவிட்டது" ரகக் கதை அல்ல. காட்டுக்குள் போகிற எல்லோரும் இதைக் கட்டாயம் எடுத்துப்போக வேண்டும் என்று விதி போடலாமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. பழுப்புக் கரடி வகையான க்ரிஸ்லி நடமாடும் இடங்களில் தாராளமாகப் போடலாம் என்பது என் கட்சி. ஆனால் "கைக்கு எட்டும் இடத்தில்" என்ற நிபந்தனை இல்லாவிட்டால் அந்த விதி வீண்.

ஏன் என்று சொல்கிறேன். பாதையில் பார்க்கிறேனே, பாதிப் பேரின் கேன் முதுகுப் பைக்குள் மழைக்கோட்டுக்கு அடியில் கிடக்கிறது. சிலரிடம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. திடுமென்று பாயும் க்ரிஸ்லி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. பை ஜிப்பைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எனக்கு ஒத்துவந்தது இடுப்புப் பெல்ட்டில் மாட்டும் துணி உறை. உட்காரும்போது இடிக்கும், அது ஒன்றுதான் குறை. கேனின் தலையில் ஒரு சின்னப் பாதுகாப்புக் கிளிப் இருக்கும். கட்டைவிரலால் அதை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும், மேலே தூக்கினால் வராது. குளிர்காலக் கையுறையோடு இதைச் செய்து பாருங்கள், அப்போதுதான் சிரமம் புரியும். மிளகாய்ச் சாறு இல்லாத பயிற்சிக் கேன் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டில் யாரும் அடித்துப் பார்ப்பதில்லை.

காலாவதியான கேன் ஒன்றை ஆளில்லாத வெட்டவெளியில் அடித்துப் பார்த்தேன். மெல்லிய தாரையாகப் போகும் என்று நினைப்போம், அப்படியில்லை. பெரிய சீறலோடு ஆரஞ்சு நிறப் புகை மண்டலமாக விரிகிறது. ஏழெட்டு வினாடியில் கேன் காலி. காற்று லேசாகத் திரும்பியதுதான் தாமதம், எனக்கே தொண்டை எரிந்து இருமல் நிற்கவில்லை. கரடி பத்துப் பதினைந்து மீட்டரில் வரும்போதே சற்றுத் தாழ்வாக அடி, அது அந்தப் புகைக்குள் ஓடிவரட்டும் என்று ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) சொல்வதன் பொருள் அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, வேலை செய்யுமா? அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவினர் அலசி 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளின் ஆபத்தான நடத்தையை ஸ்ப்ரே 92 சதவீதம் தடவை நிறுத்தியிருக்கிறது. நெருக்கத்தில் கரடியைச் சந்தித்து, கையில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. 7 சதவீத சம்பவங்களில் காற்று தொல்லை கொடுத்திருக்கிறது, ஆனாலும் மருந்து கரடியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இவர்கள் எல்லாரும் ஸ்ப்ரேயை எடுத்து அடித்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பைக்குள் கிடந்த கேன்கள் இந்தக் கணக்கில் வராது.

கட்டாயம் என்பது புதிதும் அல்ல. கிராண்ட் டீட்டானில் எல்க் மான் எண்ணிக்கையைக் குறைக்கும் வேட்டைக்குப் போகிறவர்கள் ஸ்ப்ரே வைத்திருந்தே ஆக வேண்டும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், காட்டுப் பெர்ரி பழுக்கும் கோடையில் மின்னவாங்கா ஏரிப் பாதையில் குறைந்தது நான்கு பேராக நெருங்கி நடக்க வேண்டும், ஸ்ப்ரேயும் வேண்டும். இடமும் பருவமும் பார்த்துப் போட்ட விதி இது, எனக்குப் பிடித்த மாதிரி. நேர்மாறாக, கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஸ்ப்ரே கொண்டுபோவதே தடை. அங்கே இருப்பது கருங்கரடி மட்டும், அதன் கண் உங்கள் சாப்பாட்டு மூட்டை மேல். ஆகவே நாடு முழுக்க ஒரே சட்டம் என்பது சரிப்படாது.

தொல்லைகளும் உண்டு. விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை. போன இடத்தில் நாற்பது ஐம்பது டாலர் கொடுத்து வாங்கி, திரும்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டு வர வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வெடிக்கலாம். மூன்று நான்கு வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். இன்னொன்று, கொசு மருந்துபோல் கூடாரத்தில் அடித்து வைக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். காய்ந்த மிளகாய் வாடைக்குக் கரடி விலகாது, மோப்பம் பிடித்து வரும்.

இரவு தங்கப் பெர்மிட் கொடுக்கும் கவுன்ட்டரில் உணவை எப்படிக் கட்டித் தொங்கவிடுவது என்று ஏற்கெனவே பாடம் எடுக்கிறார்கள். அதோடு இரண்டு நிமிடம் சேர்த்து, பயிற்சிக் கேனைக் கொடுத்து "கிளிப்பைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். வாடகைக்கும் அங்கேயே கொடுத்துவிட்டால் விமானத்தில் வருகிறவர்களின் செலவும் குறையும், பழைய கேன்கள் குப்பைத் தொட்டிக்குப் போவதும் குறையும்.