உப்புவெளியா, கணவாயா? மலேசியாவின் தாப்பாவிலிருந்து கிளம்பும் பைக் குழுவுக்கு

ஆண்டிறுதி விடுமுறைதான் கிடைக்கும் என்றால் பேச்சே இல்லை, குஜராத்தின் உப்புவெளியான சிறிய ரண்தான். மழைக்காலத்தில் நீரில் கிடக்கும் அந்த வெளி டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்ந்திருக்கும். லடாக் கணவாய்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர்.

ரணில் ஏமாற்றுவது மேல்தோல். வெளுத்து உலர்ந்த இடம் பெரும்பாலும் தாங்கும். நிறம் கறுத்திருந்தால் அடியில் சேறு. சக்கரம் புதைந்தால் முறுக்காதீர்கள், இன்னும் இறங்கும். இருவர் பிடித்து, வந்த தடத்திலேயே பின்னால் இழுங்கள். மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் கப்சாய் (சின்ன மோட்டார்சைக்கிள்) ஓட்டியவருக்கு இது புதிதல்ல. அன்று மாலையே செயின், ரேடியேட்டர், பிரேக்கை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு மறுநாள்வரை காத்திருக்காது. காட்டுக்கழுதைச் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும்.

கணவாயில் வில்லன் மெலிந்த காற்று. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான், இன்ஜின் இழுவையும் கிட்டத்தட்ட பாதி. கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் மிஞ்சிப் புகை கக்கும். வாடகைக்கு எடுக்கும்போதே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கேளுங்கள். ஆட்களுக்கு, லடாக்கின் லே நகரில் (3,500 மீட்டர்) குறைந்தது இரண்டு முழு நாள் ஓய்வு. கேமரன் மலைப் பழக்கம் வளைவுக்கு உதவும், மூச்சுக்கு உதவாது: அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,500 மீட்டரைக்கூடத் தொடவில்லை. பனியுருகும் ஓடைகள் பிற்பகலில் பெருகும், காலையிலேயே கடந்துவிடுங்கள். லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்கோங் ஏரி போக மலேசியர் தனி அனுமதி வாங்க வேண்டும்.

புதுக் குழு என்றால் ரணுக்கே போங்கள். அங்கே படுத்துக்கொள்வது வண்டி, மேலே கணவாயில், ஆள்.