டாவோவின் அன்றாட நிர்வாகம்: கவர்னர் கான்ட்ராக்டா, மல்டிசிக் வாலட்டா?

டாவோ எனப்படும், பிளாக்செயினில் உறுப்பினர்களின் வாக்குகளால் நடக்கும் பரவலாக்கப்பட்ட தன்னாட்சி அமைப்பு ஒன்றின் செலவுகளைக் கவனிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். முதல் ஓராண்டு முழுவதும் எல்லாப் பணப்பட்டுவாடாவையும் கவர்னர் வகை ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (வாக்கெடுப்பை நடத்தி முடிவை நிறைவேற்றும் பிளாக்செயின் நிரல்) வழியாகவே நடத்தினோம். பிறகு, பிளாக்செயினுக்கு வெளியே வாக்கெடுக்க உதவும் ஸ்னாப்ஷாட் தளத்தில் வாக்கெடுத்து, அதன் முடிவைச் சேஃப் என்ற மல்டிசிக் வாலட்டிலிருந்து (பலர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் வெளியேறும் வாலட்) நிறைவேற்றும் முறைக்கு மாறினோம். மாற வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால், என் சாய்வு இரண்டாவது முறையின் பக்கமே.

பிளாக்செயின் பரிவர்த்தனைக்குச் செலுத்தும் காஸ் கட்டணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்னாப்ஷாட்டில் வாக்கு என்பது ஒரு கையொப்பம் மட்டுமே என்பதால் செலவில்லை. கவர்னரில் ஒவ்வொரு வாக்கும் ஒரு பரிவர்த்தனை. முதன்மைப் பிளாக்செயினின் மேல் மலிவாக இயங்கும் லேயர் 2 வலையமைப்புகளில் இந்த வேறுபாடு சிறிதாகிவிடுகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, நேர்ந்த பிழையைத் திருத்த எத்தனை நாள் ஆகிறது என்பதுதான். ஒரு மாதம், ஊதிய முன்மொழிவில் ஒருவருடைய பழைய வாலட் முகவரி இடம்பெற்றுவிட்டது. வாக்கெடுப்பு தொடங்கிய பிறகே அது கண்ணில் பட்டது. எங்கள் கான்ட்ராக்டின் விதிப்படி அந்தக் கட்டத்தில் முன்மொழிந்தவரே அதைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே எதிர்த்து வாக்களிக்கும்படி எல்லோரையும் கேட்டு அதைத் தோற்கடித்து, புதிய முன்மொழிவை இட்டு, கோரம் (குறைந்தபட்ச வாக்களவு) சேர்வதற்காக டெலிகேட்டுகளை (பிறர் சார்பில் வாக்களிப்பவர்களை) ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து, டைம்லாக் எனும் கட்டாயக் காத்திருப்பும் கழிந்து ஊதியம் போய்ச் சேர இரண்டு வாரங்களுக்கு மேலாயிற்று. தவறியது ஒருவருடைய முகவரி, காத்திருந்தவர்களோ அனைவரும். மல்டிசிக்கில் என்றால், அடுத்த கையொப்பதாரர் மறுத்துவிட, அதே நான்ஸ் எண்ணில் (பரிவர்த்தனையின் வரிசை எண்) திருத்திய பரிவர்த்தனையை இட்டு அன்றைக்கே முடித்துவிடலாம்.

பெரிய அமைப்புகளுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. 2021 செப்டம்பரில் காம்பவுண்ட் என்ற கிரிப்டோ கடன் தளத்தின் 62ஆம் முன்மொழிவு நிறைவேறியபோது, அதிலிருந்த பிழையால் காம்ப் டோக்கன்கள் அளவுக்கு மீறி வெளியேறத் தொடங்கின. எந்தத் திருத்தமும் சுமார் ஏழு நாள் நடைமுறையைக் கடந்தாக வேண்டியிருந்ததால் உடனே நிறுத்த வழியில்லை. அந்த இடைவெளியில் மேலும் சுமார் 2 லட்சம் டோக்கன்கள் ஆபத்துக்குள்ளாயின.

ஆனால் அந்தத் தாமதம் வீணானதன்று; தீய முன்மொழிவைக் கண்டு தடுக்க அது அவகாசம் தருகிறது. 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ திட்டத்தில், ஃபிளாஷ் லோன் (அதே பரிவர்த்தனைக்குள் திருப்பிவிட வேண்டிய பிணையில்லாக் கடன்) மூலம் ஒரே பரிவர்த்தனைக்குள் பெரும்பான்மை வாக்குரிமையைப் பெற்ற ஒருவர், அவசர விதியைக் கொண்டு தன் முன்மொழிவை அங்கேயே நிறைவேற்றிக்கொண்டார். இழப்பு சுமார் 18 கோடி டாலர். ஆகவே கான்ட்ராக்ட் மேம்பாடுகளையும் முதன்மைக் கருவூலத்தையும் இன்றும் கவர்னரிடமே விட்டிருக்கிறோம். மூன்று மாதச் செலவுக்கான தொகை மட்டுமே சேஃபில் இருக்கிறது.

மல்டிசிக்குக்கும் பராமரிப்பு தேவை. எங்களுடையதில் ஐவரில் மூவர் கையொப்பமிட வேண்டும். மூவரின் சாவிகள் தொலைந்தால் பணம் நிரந்தரமாக முடங்கிவிடும். அதனால் காலாண்டுக்கு ஒருமுறை, ஒரு சிறிய சோதனைப் பரிவர்த்தனையில் ஐவரையும் கையொப்பமிடச் செய்கிறோம். இருமுறை பதில் தராதவரை மாற்றிவிடுகிறோம். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்தின் சேஃப் வாலட்டிலிருந்து சுமார் 150 கோடி டாலர் திருடுபோனபோது, கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது வழக்கமான பரிமாற்றத்தை. ஒப்புதல் அளித்ததோ வேறொன்றுக்கு. அதன் பிறகு ஒவ்வொருவரும் பரிவர்த்தனையின் அடையாளக் குறியான ஹாஷைத் தனித்தனியே கணக்கிட்டு, சாவியை வைத்திருக்கும் தனிச் சாதனமான ஹார்ட்வேர் வாலட் காட்டுவதோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுகிறோம்.

கையொப்பதாரர்கள் வாக்கெடுப்பின் முடிவை மீறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, எங்களிடம் இருப்பது பரஸ்பர நம்பிக்கையும் தொகையின் வரம்பும் மட்டுமே. யாரும் குறித்த காலத்துக்குள் மறுக்காவிட்டால் முடிவைத் தானே நிறைவேற்றும் நீட்சிகளும் உள்ளன. நாங்கள் அவற்றைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் உறுப்பினராக உள்ள அமைப்புக்கு இந்த ஏற்பாடு தாங்குமா என்பதில், சிறிய குழுவில் மட்டுமே பணியாற்றிய எனக்கு உறுதியில்லை.