கனடாவின் மிசிசாகாவில் ஃபர்னஸ் பழுதுபார்க்கும் ஒரு சிறிய சேவை: மதிப்புரை

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அடியோடு நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு ஒரு மணி நேரம் முடங்கிக் கிடந்து, யாரும் தொடாமலே மறுபடி எரியத் தொடங்கும் ஃபர்னஸ்தான் பழுதுபார்க்க வருபவரின் திறமையைச் சோதிக்கிறது.

எங்கள் வீட்டு எரிவாயு ஃபர்னஸ் சென்ற ஜனவரியில் இப்படித்தான் படுத்தியது. முதலில் வந்த ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர், மூடியைக் கழற்றிப் பார்த்த கையோடு புதிய ஃபர்னஸுக்கான மாதத் தவணையைக் கணக்கிட ஆரம்பித்துவிட்டார். அழைக்காமலே வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதை ஒன்டாரியோ அரசு 2018 மார்ச்சில் தடைசெய்தது. நாமே அழைத்து வரவழைத்தவர் விற்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று அன்று தோன்றியது. அவரை அனுப்பிவிட்டு, இரண்டே பேர் நடத்தும் ஒரு சேவையை அழைத்தோம். இந்த மதிப்புரை அவர்களைப் பற்றியது.

வந்தவர், கேட்பதற்கு முன்பே எரிவாயுப் பணிக்கான தமது டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்டாரியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) சான்று அட்டையைக் காட்டினார். ஃபில்டரை எப்போது மாற்றினோம், தெர்மோஸ்டாட்டில் பேட்டரி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, நேராக வெளியே போய்ச் ஃபர்னஸுக்குக் காற்றை இழுக்கவும் புகையை வெளியேற்றவும் சுவரிலிருந்து நீளும் இரண்டு வெள்ளைக் குழாய்களைப் பார்த்தார். அவற்றின் வாயில் பனி அடைத்துக்கொண்டால், காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்த ஸ்விட்ச் இணையாது, பர்னர் எரியாது. குழாய்கள் சுத்தமாக இருந்தன.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது: எதையும் கழற்றாமல், ஃபர்னஸை இயக்கிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து கவனித்தார். சிறிய விசிறி சுழன்றது. இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. நீலச் சுடர் வரிசையாகப் பற்றியது. சில நொடிகளில் அணைந்துபோனது. மறுபடியும் அதே கதை. பலமுறை முயன்று தோற்றபின் கட்டுப்பாட்டுப் பலகை தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் என்றும், பல மாடல்களில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே மீண்டும் முயலும் என்றும் அவர் விளக்கியபோது, எங்களைக் குழப்பிய அந்த ஒரு மணி நேரக் கணக்கு புரிந்தது. ஃபில்டர் அடைத்திருந்தால் சுடர் இவ்வளவு சீக்கிரம் அணையாதாம். நன்றாக எரிந்து உள்ளே வெப்பம் மிதமிஞ்சிய பிறகே லிமிட் ஸ்விட்ச் அதை நிறுத்துமாம்.

சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகக் கம்பிதான் ஃபிளேம் சென்சார். சுடர் வழியாக அதில் பாயும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியரில் அளக்கும் அளவுக்குச் சிறியது. கம்பியின் மேல் படலம் படிந்தால் அந்த ஓட்டம் குறைந்துவிடும். எரிகிற சுடரை இல்லையென்று எண்ணிப் பலகை எரிவாயுவை நிறுத்திவிடும். மீட்டரை இணைத்து அளந்தபோது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகவே இருந்தது. ஒற்றைத் திருகைக் கழற்றிக் கம்பியை எடுத்து, மிக மெல்லிய எஃகு நாரால் பதமாகத் தேய்த்து மாட்டிய பிறகு மூன்றைத் தாண்டியது. புதிய சென்சாரை எங்கள் தலையில் கட்டியிருந்தால் மறுபேச்சின்றி வாங்கியிருப்போம். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதன்பின் குளிர்காலம் முடியும்வரை ஃபர்னஸ் இடையில் நிற்கவில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்தைவிட வெகு தாமதமாக வந்தார்கள். அதைத் தெரிவிக்க ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. பில்லில் "சர்வீஸ்" என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. அளவீடுகளை நாங்கள் கேட்ட பிறகே எழுதித் தந்தார். வார இறுதிக்கான கூடுதல் கட்டணத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டதால் அதைக் குறையாகச் சேர்க்கவில்லை.