உடைந்த மூளை அனியூரிசம்: கிளிப்பா, காயிலா, ஸ்டென்டா?

மூளையின் அடிப்பக்கம் ஓடும் ரத்தக்குழாயில், சுவர் மெலிந்துபோன ஓர் இடம் சிறு பையாகப் புடைத்து நிற்பதுதான் அனியூரிசம். உடையும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. உடைந்தால், அதுவரை வாழ்க்கையில் வந்தே இராத ஒரு தலைவலி நொடியில் வந்து ஆளைச் சாய்த்துவிடும். சி.டி. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருப்பது தெரியும். ஆஞ்சியோ எடுத்தால் பை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரியும். அதன்பிறகு டாக்டர் வெளியே வந்து வீட்டாரிடம் மூன்று பெயர்களைச் சொல்வார்: கிளிப், காயில், ஸ்டென்ட்.

கையெழுத்துப் போட நிற்பவர்களுக்கு அந்த மூன்றில் ஏற்கெனவே பழக்கமானது கடைசிப் பெயர்தான். "மாமாவுக்கு நெஞ்சுல வச்சாங்களே, அதுதானே? அதையே வச்சிடுங்க டாக்டர்" என்று சொல்லத் தோன்றும். இதய அனுபவம் இங்கே உதவாது. அங்கே அடைபட்ட குழாயைத் திறக்க ஸ்டென்ட் வைக்கிறார்கள். இங்கே குழாயில் அடைப்பே இல்லை. உடைந்த பைக்குள் ரத்தம் போகாமல் தடுப்பதுதான் வேலை. உடைந்த அனியூரிசத்தைப் பொறுத்தவரை ஸ்டென்ட் என்பது காயிலைவிட உயர்ந்த ரகம் அல்ல. காயில் மட்டும் போதாத இடத்தில், வேறு வழி சரிப்படாதபோது கையில் எடுப்பது.

மூன்றுக்கும் நோக்கம் ஒன்றே: இரண்டாவது கசிவைத் தடுப்பது. முதல் கசிவு செய்த சேதத்தை எதுவும் திருப்பி எடுத்துவிடாது. மறுகசிவு அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் அமெரிக்க இதயச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் பையை அடைத்துவிடச் சொல்கிறது. நிதானமாக நாலு ஊரில் விசாரித்து முடிவெடுக்கும் நோய் அல்ல இது.

கிளிப் மூத்தது. 1937இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்ட்டர் டாண்டி, ஒரு வெள்ளிக் கிளிப்பை அனியூரிசத்தின் கழுத்தில், அதாவது பை குழாயோடு சேரும் வாய்ப்பகுதியில், மாட்டினார். இன்று டைட்டானியம் வந்துவிட்டது, மைக்ராஸ்கோப் வந்துவிட்டது, அடிப்படை அதேதான். மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்து, மூளையின் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டு குழாய்வரை போய், பையின் கழுத்தை வெளியிலிருந்து இறுக்கிவிடுவது. சரியாக மாட்டினால் பையின் கதை அன்றோடு முடிந்தது. திரும்பத் திறப்பது அபூர்வம்.

காயில் உள்ளே இருந்து அடைக்கும் வழி. இத்தாலிய நரம்பியல் அறுவை மருத்துவர் கீடோ குல்யெல்மி, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவாக்கிய முறை. முதல் நோயாளிக்குச் செய்தது 1990இல். தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்னும் மெல்லிய குழலைப் பை வரை ஏற்றி, முடிபோன்ற பிளாட்டினச் சுருள்களை ஒவ்வொன்றாக உள்ளே சுற்றி விடுகிறார்கள். சுருள் சரியாக உட்கார்ந்ததும் சிறு மின்னோட்டம் கொடுத்தால் அது கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். காயில் பையை முழுக்க நிரப்புவதில்லை. நன்றாக அடைத்த பையிலும் உலோகம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மிச்சத்தை உறைந்த ரத்தம் நிரப்புகிறது. பின்னாளில் ரத்த அழுத்தம் அந்தச் சுருள்களை நெருக்கித் தள்ளி, கழுத்துப் பக்கம் கொஞ்சம் திறந்துவிடுவதற்குக் காரணம் அதுவே.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய சோதனை ஐசாட். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்தியது, 2143 நோயாளிகள், முதல் முடிவு 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்து இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து காயில் பக்கம் சுமார் 24 விழுக்காடு, கிளிப் பக்கம் சுமார் 31. உலகெங்கும் காயில் பக்கம் காற்று திரும்பியது இதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்தச் சோதனைக்குப் பரிசீலித்தவர்கள் 9559 பேர். அதில் நாலில் ஒருவருக்கும் குறைவானவர்களே சேர்க்கப்பட்டார்கள்: கிளிப்பும் பொருந்தும், காயிலும் பொருந்தும் என்று இரு தரப்பு மருத்துவர்களும் ஒப்புக்கொண்டவர்கள் மட்டும். பெரும்பாலோர் நல்ல நினைவோடு வந்தவர்கள். பையும் சிறியது, மூளையின் முன்பக்க ரத்த ஓட்டத்தில் இருந்தது. எனவே "காயில்தான் எப்போதும் சிறந்தது" என்று யாராவது சொன்னால், அது ஐசாட் சொன்னதைவிட அதிகம். நீண்ட காலத் தொடர்ச்சியிலும் இரண்டு பக்கமும் தெரிகிறது. பிரிட்டன் நோயாளிகளைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது காயில் பிரிவில் 83 விழுக்காட்டினரும் கிளிப் பிரிவில் 79 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். அதே சமயம், முதல் வருடத்துக்குப் பிறகு அதே அனியூரிசம் மறுபடி கசிந்தவர்கள் காயில் பக்கம் 13 பேர், கிளிப் பக்கம் 4 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இது சிறிய எண்தான். அறுபது வயதுக்காரர் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். முப்பது வயதுக்காரருக்கு முன்னே இன்னும் நாற்பது வருடம் கிடக்கிறது. அங்கே கிளிப்பின் உறுதிக்கு எடை கூடும்.

இடமும் முடிவைத் தீர்மானிக்கும். மூளைத்தண்டுக்கு முன்னே, பேசிலார் தமனியின் உச்சியில் பை இருந்தால் கத்தி வழியாகப் போய்ச் சேருவதே பாடு. அங்கே காயில் தெளிவாக முந்துகிறது. காதுக்கு மேல் பக்கவாட்டில் ஓடும் நடு மூளைத் தமனியில், கிளை பிரியும் இடத்தில் பை இருந்து, கூடவே மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டியும் இருந்தால், கட்டியை எடுக்க எப்படியும் மண்டையைத் திறக்கத்தான் வேண்டும். அதே கையோடு கிளிப் போடுவதே நியாயம்.

இனி ஸ்டென்ட். காயில் நிற்பதும் நிற்காததும் பையின் கழுத்தைப் பொறுத்தது. சொம்புக்குள் போட்ட கம்பிச்சுருள் வெளியே வராது. அகன்ற வாய்ச் சட்டியில் போட்டால் வழிந்து விழும். கழுத்து 4 மில்லிமீட்டருக்கு மேல் போனாலே அகன்ற கழுத்து என்று கணக்கு. அப்படிப்பட்ட பையில் சுருள் தாய்க்குழாய்க்குள் நழுவி, அதையே அடைத்துப் பக்கவாதம் கொண்டுவரலாம். குழாய்க்குள் வலைபோன்ற ஸ்டென்டை விரித்து வைத்தால் அது பையின் வாயில் வேலி போட்டு, சுருளை உள்ளேயே நிறுத்தும்.

சிக்கல் வலையில் இல்லை, அதோடு வரும் மாத்திரையில் இருக்கிறது. குழாய்க்குள் உலோகம் விரிந்ததும் ரத்தத் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டத் தொடங்கும். அதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பல மாதங்கள். உடையாத அனியூரிசத்துக்கு இதைச் சில நாள் முன்பே தொடங்கி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். உடைந்ததில் அந்த அவகாசமே இல்லை. சில மணி நேரத்துக்கு முன் தலைக்குள் ரத்தம் கசிந்த ஒருவருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். கொடுத்தால் கசிவு கூடலாம். போதாக்குறைக்கு, கசிந்த ரத்தம் மூளைநீரின் பாதையை அடைத்து நீர் தேங்கினால் மண்டையில் துளையிட்டு டிரெயின் டியூப் செருக வேண்டும். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த டியூப் போன வழியிலேயே ரத்தம் கசியும் அபாயம் உண்டு. டியூப் தேவைப்படும் என்று தெரிந்தால் முதலில் அதை வைத்துவிட்டு, பிறகு ஸ்டென்டுக்குப் போகிறவர்கள் அனுபவசாலிகள்.

2023 வழிகாட்டுதலும் இதில் மழுப்பவில்லை. சாதாரணக் காயிலோ கிளிப்போ பொருந்தும் பை என்றால், உடைந்த நிலையில் ஸ்டென்டும் ரத்த ஓட்டத்தைத் திருப்பும் நெருக்கமான வலைக்குழாயும் வேண்டாம், தீங்கே அதிகம் என்கிறது. இரண்டுமே பொருந்தாத அகன்ற கழுத்துப் பைக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கொப்புளம் போல மெல்லிய சுவரோடு கழுத்தே இல்லாமல் வரும் ஒரு வகை அனியூரிசம் உண்டு; அதில் காயில் நிற்காது, கிளிப் மாட்டினால் கிழியும். அங்கே ஸ்டென்ட் வகையறாதான் கைகொடுக்கிறது.

ஸ்டென்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி பலூனைப் பற்றியது. காயில் அடைக்கும் நேரத்துக்கு மட்டும் பையின் வாயில் பலூனை ஊதிப் பிடித்து, சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதும் எடுத்துவிடுவார்கள். குழாயில் எதையும் விட்டு வராததால் மாதக்கணக்கில் இரட்டை மாத்திரை தேவையில்லை. இன்னொரு தந்திரமும் உண்டு: கசிந்த முனைப்பகுதியை மட்டும் இப்போது காயிலால் அடைத்து ஆபத்தைத் தாண்டிவிட்டு, உடம்பு தேறிய பிறகு ஆற அமர ஸ்டென்ட் வைத்து மீதியை முடிப்பது. இரண்டு தடவை போக வேண்டும்தான். ஆனாலும் முதல் நாளே மாத்திரையைத் தொடங்குவதைவிட இது எனக்குப் பிடித்த வழி.

செலவு பற்றி ஒரு வார்த்தை. காயிலுக்கு எண்ணிக்கைப்படி விலை. பை பெரிதானால் பில்லும் பெரிதாகும், ஸ்டென்ட் சேர்ந்தால் இன்னும் ஏறும். கிளிப் மலிவு. ஆனால் ஐ.சி.யு. நாட்கள் எதிலும் பெரிதாகக் குறைவதில்லை. கசிவுக்குப் பிறகு சுமார் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மூளைக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் கண்டம் எல்லோருக்கும் பொது. அதன் பாதிப்பைக் குறைக்கத் தரும் நிமோடிபின் மருந்தும் 21 நாள் எல்லோருக்கும் உண்டு.

வீடு திரும்பிய பிறகுதான் மூவரின் வாழ்க்கையும் பிரிகிறது. கிளிப் போட்டவர் தலைத்தழும்போடு ஏறக்குறைய விடுபட்டுவிடுவார். காயில் வைத்தவர் வருடக்கணக்கில் ஸ்கேனுக்குப் போய்வர வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்கேனோடு மாத்திரையும் உண்டு. பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.