அம்மாவுக்கு நாயா, பூனையா, மீன்தொட்டியா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். அவற்றில் ஐந்தில் அறுபது, எழுபது தாண்டிய ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடா, லண்டன், கட்டார், கொழும்பு என்று போய்விட்டார்கள். அப்பா போன பிறகு எங்கள் வீடு ஆறாவதானது.

அம்மாவுக்குத் துணையாக ஒரு பிராணி வேண்டும் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. எது என்பதில்தான் பிரச்சினை. கனடாவில் இருக்கும் அக்கா நாய் என்றார், இரவில் காவல் வேண்டுமாம். தம்பி மீன்தொட்டி என்றான், அம்மாவுக்கு வேலை வைக்காது என்று. நான் பூனையின் பக்கம். அம்மா "எனக்கு ஒன்றும் வேண்டாம், உங்களுக்கு விசர்" என்றார். இப்போது மூன்றும் வீட்டில் இருக்கின்றன. ஐந்து வருடம் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பேச்சைக் கேட்டு ஓர் அல்சேஷன் குட்டி வாங்கினோம். நான்கே மாதத்தில் அது அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒருநாள் படலையடியில் சங்கிலியோடு அம்மாவும் விழுந்தார். இடது மணிக்கட்டில் வெடிப்பு, ஆறு கிழமை கட்டு. குட்டியைத் தோட்டம் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொடுத்தோம். அமெரிக்காவில் 2001 முதல் 2006 வரையான ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். நாய், பூனையால் விழுந்து காயப்பட்டு வருபவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 86,000க்கு மேல். அதில் 88 சதவீதம் நாயால். தடுக்கி விழுவதும் இழுபட்டு விழுவதும்தான் காரணம். இதை முதலே தெரிந்திருந்தால் வயதானவருக்கு ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்திருக்க மாட்டோம்.

பூனையை நாங்கள் தேடிப் போகவில்லை. அம்மா கட்டோடு இருந்த நாட்களில் ஒரு சாம்பல் நிறப் பூனை குசினி ஜன்னலால் வந்து, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டது. நாய் அதற்கு ஒன்றரை வருடம் கழித்து வந்தது. சந்திக் கடையடியில் படுத்துக் கிடந்த ஊர் நாய், மூன்று வயது இருக்கும், செம்மண் நிறம். அம்மா கடைக்குப் போனால் பின்னால் வரும், திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். ஒருநாள் படலைக்குள் வந்தது, அப்புறம் போகவில்லை.

இனி எது எதில் நல்லது என்று பார்ப்போம்.

உடம்புக்கு என்று கேட்டால் நாய்தான். இதைப் பூனைக்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன். அப்பா இருந்தவரை ஐந்தரைக்கு எழும்பிய அம்மா, அவர் போன பிறகு எட்டு மணிவரை படுத்திருப்பார். பிரஷர் குளிசையைக்கூட மத்தியானம் நினைவு வந்து போடுவார். பூனை வந்தும் அது மாறவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் பூனை கத்தும், கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நாய் அப்படி இல்லை. வெளிச்சம் வரும்போதே வாசலில் வந்து நிற்கும். குரைக்காது, கதவில் மூக்கை வைத்து மூச்சு விடும். அந்தச் சத்தத்துக்கு அம்மா எழும்புகிறார். எழும்பி, முகம் கழுவி, கயிற்றை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார். கரைவலை இழுக்கும் காலம் என்றால் அங்கே ஆட்கள் நிற்பார்கள். "அம்மா, இண்டைக்குச் சூடை" என்று ஒரு கை அள்ளிப் பையில் போடுவார்கள். நாலு பேரோடு கதைத்துவிட்டு ஆறே முக்காலுக்குத் திரும்பும்போது அம்மாவின் முகமே வேறு. குளிசையும் நேரத்துக்குப் போகிறது.

ஆராய்ச்சிகளும் கிட்டத்தட்ட இதையே காட்டுகின்றன. 1980இல் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் அமெரிக்காவில், இதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய 92 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள், வைத்திருக்காத 39 பேரில் 11 பேர். அதே ஃபிரீட்மன் 1995இல் மாரடைப்பு வந்த 369 பேரைப் பற்றி எழுதினார். நாய் வைத்திருந்த 87 பேரில் ஒருவர்தான் இறந்திருந்தார், நாய் இல்லாத 282 பேரில் 19 பேர். பூனை வைத்திருந்தவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. 2017இல் சுவீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தவர்களின் இறப்பு ஆபத்து 33 சதவீதம் குறைவாக இருந்தது. நாய் வைத்திருந்ததால்தான் அவர்கள் நெடுநாள் இருந்தார்கள் என்று இவை நிரூபிக்கவில்லை. நடக்கத் தெம்பு உள்ளவர்தானே நாய் வளர்க்க முன்வருவார். ஆனாலும் தனியாக இருப்பவர்களிடம் நன்மை கூடுதலாகத் தெரிந்தது என்ற இடத்தில் எனக்கு அம்மாவின் காலை நடைதான் ஞாபகம் வருகிறது.

மனசுக்கு என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் ஒன்றைக் காட்டினார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறதாம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் சுரக்கும் அதே ஹார்மோன். ஆனால் அம்மா அழுத நாட்களில் மடியில் படுத்திருந்தது பூனைதான். அப்பாவின் ஆண்டுத் திவசத்தன்று எல்லோரும் போன பிறகு அம்மா திண்ணையில் இருந்தார். பூனை வந்து சுருண்டு படுத்தது. ஒரு மணித்தியாலம் அம்மா அசையவில்லை, பூனையின் முதுகில் கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. நாயால் அப்படிச் சும்மா இருக்க முடியாது. அம்மா அழுதால் அதுவும் பதறி, சுற்றிச் சுற்றி வந்து கையை நக்கும்.

மீனை இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லலாம். தொட்டியில் மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரஷர் இறங்குகிறது என்று 1980களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். தம்பி வாங்கிக் கொடுத்த கண்ணாடித் தொட்டி அம்மாவைப் பெரிதாக இழுக்கவில்லை. தண்ணீர் மாற்றுவது பாரமாகி, ஒரு வருடத்தில் அது காலி. ஆனால் பின்வளவில் உள்ள சீமெந்துத் தொட்டியில் பக்கத்து வீட்டுக்காரர் விட்ட கப்பி மீன்கள் பெருகிவிட்டன. கப்பி நுளம்புக் குடம்பியைத் தின்னும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு அடித்த அடியை மறந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. செலவில்லாமல், தீனி கேட்காமல் ஒரு வீட்டைக் காக்கும் பிராணி கப்பிதான். வேறு எதை வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும், திறந்த தொட்டி உள்ள வீட்டில் பத்துக் கப்பியாவது இருக்கட்டும்.

காவலுக்கு நாய், எலிக்குப் பூனை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எலி குறைந்தால் எலியைத் தேடி வரும் பாம்பும் குறையும். எங்கள் வளவில் விறகு அடுக்கிய மூலையில் முன்பு வருடத்துக்கு ஒன்றாவது வரும், பூனை வந்த பிறகு நான் காணவில்லை.

சாப்பாட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, ஊரில் பலர் கவனிப்பதில்லை. நாய் சோறும் மீனும் மரக்கறியும் கலந்து சாப்பிட்டு நன்றாக இருக்கும். வெங்காயம், உள்ளி, சொக்லேட், முந்திரிகைப்பழம் (திராட்சை) ஆகாது. சமைத்த கோழி எலும்பும் ஆகாது, அது சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனை அப்படியில்லை, முழு மாமிசபட்சணி. டோரின் என்ற சத்து இறைச்சி, மீனில் இருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதாகும். பால்சோறு வைத்தால் போதும் என்பது பிழை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். சரி, நம்மூரில் மீனுக்கா பஞ்சம் என்று பச்சையாக அள்ளிப் போடவும் கூடாது. சூடை, நெத்தலி போன்றவற்றில் விட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகத் தின்றால் பூனைக்கு நரம்புத் தளர்ச்சி வரும். அவித்தால் அந்த நொதி போய்விடும். அம்மா சூடையை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, இரண்டுக்கும் பங்கு வைக்கிறார்.

வேலை என்று பார்த்தால் பூனை லேசு. நாயின் காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் எத்தனையோ நாய்கள் போயிருக்கின்றன. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை ஏழரைக்குப் பிறகு நாயை வெளியில் கொண்டுபோகக் கூடாது, மணல் பாதத்தைச் சுடும். நாய் நம்மைப் போல வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதனால்தான் மயிர் அடர்ந்த சீமைச் சாதிகளை இந்த ஊருக்குக் கொண்டுவராதீர்கள் என்கிறேன். ஊர் நாய் இந்த வெயிலுக்கே பிறந்தது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம், டச்சுக்குடாப் பக்கம் குடியிருப்பவர்கள் நாயைக் கயிறில்லாமல் விடவே கூடாது. அங்கே புள்ளிமான்கள் வீதியில் திரிகின்றன. அவையும் இந்த ஊரின் பிள்ளைகள்தான்.

நோய்ப் பயம் இரண்டிலும் உண்டு. விசர்நாய்க்கடி நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்தார்கள். இன்று அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியிருப்பதற்குத் தடுப்பூசிதான் காரணம். இரண்டுக்கும் வருடா வருடம் போட்டுவிடுங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது. நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பூனையில் இன்னொன்று: வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் கழிவை அவர் அள்ளக் கூடாது, டொக்ஸோபிளாஸ்மா கிருமி கருவைத் தாக்கும். அக்காவின் மகள் கர்ப்பமாக வந்து நின்ற மாதம் அந்த வேலையை நான் செய்தேன்.

குட்டி விஷயத்தில் பூனை மோசம். முதல் நான்கு குட்டிகளுக்கு வீடு பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வயிறு. கருத்தடைச் சத்திரசிகிச்சையை முதல் குட்டிகள் பால் மறந்தவுடன் செய்திருக்க வேண்டும். நாங்கள் பிந்தி, கஷ்டப்பட்டோம்.

வீட்டுக்கு வந்துபோகும் ஆட்களையும் யோசிக்க வேண்டும், நம்மூரில் இது முக்கியம். அம்மாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருவர் கிண்ணியாவில் இருந்து மாதம் ஒருமுறை வருவார். நாயின் எச்சில் பட்டால் அவர் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் தொழலாம். அதனால் அவர் வரும் நாளில் நாய் பின்வளவில், நிழலில், தண்ணீரோடு கட்டப்பட்டிருக்கும். பூனைக்கு அந்தத் தடை இல்லை, அவருடைய சேலைத் தலைப்பிலேயே ஏறிப் படுக்கும். அவரும் வரும்போது அதற்கென்று பொரித்த மீன் கொண்டுவருவார்.

ஆகவே என் முடிவு இது. நடக்கக்கூடிய, தனியாக இருக்கும் ஒருவருக்கு நாய். ஆனால் குட்டி வேண்டாம், சாதி நாயும் வேண்டாம். குணம் தெரிந்த, வளர்ந்த, நிதானமான ஊர் நாய். முழங்கால் ஏலாதவருக்கும், அடிக்கடி பிள்ளைகளிடம் போய்வருபவருக்கும் பூனை. இரண்டில் எதை எடுத்தாலும், எடுப்பதற்கு முன்னமே அயலில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள், "நான் இல்லாத நாளில் பார்ப்பீர்களா?" என்று. பூனைக்கு ஒரு கோப்பை சாப்பாடு வைக்க யாரும் வருவார்கள். நாய்க்கு ஆள் வேண்டும்.

எங்களுக்கு அந்த ஆள் பக்கத்து வீட்டு அண்ணை. கப்பி விட்டவரும் அவர்தான். சம்பூரில் இருந்து 2006இல் இடம்பெயர்ந்து வந்தவர். வெளிக்கிட்ட அன்று நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தாராம், அது ரோட்டு முனைவரை பின்னால் ஓடி வந்ததாம். அதற்குப் பிறகு நாய் வளர்க்கவே இல்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நான்கு நாள் கொழும்பு போக வேண்டி வந்தபோது அவரிடம் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. "பார்க்கிறேன் தம்பி, சாப்பாடு மட்டும் வைக்கிறேன்" என்றார். மூன்றாம் நாள் கோல் எடுத்தேன். "காலமை கடற்கரைக்குப் போனனாங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அம்மாவுக்குக் கண் ஆறட்டும், அவசரமில்லை. இன்னும் ரெண்டு நாள் இவன் இங்கயே நிக்கட்டும்" என்றார்.